சர்க்கரை என்றால் சீனியன்று

சென்னை, 9-2-1955, புதன்

கர்த்தருக்குள் பிரியமான ஞானபாய்க்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? 28-1-1955இல் நீ எழுதியது, பாறசாலையில் நடந்த சாலை மறியலால் நேற்றுத்தான் கிடைத்தது.

உன் தம்பி வேதமாணிக்கத்தின் தேனைப் பற்றிக் கலங்காதே. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேறொருவர் அமிலம் விட்டுக் காய்ச்சி அளந்ததில் சர்க்கரை அனுமதித்த அளவைப்போல் இரட்டிப்பாக இருந்தது உண்மை. மைத்துனன் தேனாகையால் நான் அதில் கை வைக்கவில்லை. மோசடி என்று அறிக்கை போனால் தேன் சங்கம் அவனை நீக்கிவிடும்.

நம் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் எல்லைக் குழுவோடு இங்கே மனுக்கொடுக்க வந்தவன், திங்களன்று எங்கள் அதிகாரி முன் வந்து நின்றான்.

"கர்த்தராணை, சர்க்கரை போடவேயில்ல சார்!"

அதிகாரி சென்னைக்காரர், நம் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளைச் சர்க்கரைதான் சீனி என்று அறியாதவர்.

"எலே, சீனி?" என்றேன்.

"அது உண்டு அத்தான். மழையில தேனீச்ச பட்டினியாக்கும். கரைச்சு கூட்டுப்பக்கம் வச்சேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். 'மோசடியன்று, தேனீத் தீவனம். பங்குனித் தேனை மறுபடி அனுப்புக' என்று எழுதினார்.

தலை துவட்டப் பாலராமபுரம் துவர்த்து ஒன்றும் கொஞ்சம் நல்லமிளகும் அனுப்பு. வேதமாணிக்கத்தை ரயிலேற்றுமுன், தேன் எடுத்த தேதியை மூன்று முறை கேட்டேன். அது புட்டியிலேயே எழுதியிருந்தது. நம் ஊர்ப் பேச்சு இன்னும் சற்றுக் காதில் விழட்டுமே என்றுதான்.

தபால் எடுக்கும் நேரம்.

யேசுவடியான்