அம்மை போட்ட கதவு

ஜூன் 8, 2025, ஞாயிறு

ஹால் கதவுக்கு நானே பெயிண்ட் அடித்து முடித்தேன். ஆகாச நீலம். இந்தப் புது வீட்டில் டைல்ஸ், கிரில், சிங்க் எந்தப் பக்கம் என்பதுகூட என் வீட்டுக்காரர் ஜான்சனின் அண்ணன் ரத்தினசாமி மாமா சொன்னதுதான். அவர் மேஸ்திரி, வீட்டைக் கட்டிக் கொடுத்தவர், சரி. கதவின் கலரை மட்டும் அடம்பிடித்து நானே முடிவு பண்ணினேன். "கதவுன்னா பிரவுன்தாம்மா. நீலம் அடிச்சா பால்வாடி மாதிரி இருக்கும்" என்றார். இருக்கட்டுமே! அண்ணன் எதிரில் ஜான்சன் என்றைக்கு வாயைத் திறந்தார்?

ஜூன் 9, திங்கள்

கெட்டது குடி. கதவு முழுக்க பெயிண்ட் வடிந்து வடிந்து நிற்கிறது. அள்ளி அள்ளி அப்பியிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் ஷூ மேல் கறை பட்டால் தின்னர் துணியால் ஒரே இழுப்பு, போய்விடும். பத்து வருஷமா அதே கை. சாயங்காலம் அதே தின்னரைக் கடையில் வாங்கி வந்து துடைச்சேன். துடைச்ச இடமெல்லாம் பெயிண்ட் சுருங்கி, கொப்புளம் கொப்புளமா எழும்பிடுச்சு. ஐயோ இயேசப்பா! ஷூவுக்குப் போடறதைக் கதவுக்குப் போடுவாளா ஒருத்தி?

ஜூன் 10, செவ்வாய்

மாமா வந்தார். "இன்னாம்மா, கதவுக்கு அம்மை போட்ருக்கா?" சிரிப்பு வேற.

இருபத்திரண்டாம் தேதி வீட்டுப் பிரதிஷ்டை. பாஸ்டர், சொந்தபந்தம் எல்லாரும் வருவார்கள். "மொத நாள் சனிக்கிழமை என் பெயிண்டரை இட்டாரேன். பிரவுன் அடிச்சு மூடிடுவான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "அதுக்குள்ள நான் சரி பண்றேன் மாமா. பண்ணலன்னா உங்க பெயிண்டரே அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன்டி நிஷா, இப்படி வாயைக் குடுத்து மாட்டிக்கிற?

ஜூன் 11, புதன்

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பெயிண்ட் பிசுபிசுவென்று தாளிலேயே ஒட்டுகிறது. முன்னைவிட அசிங்கம். அழுதுட்டேன். ஜான்சன், "விடு நிஷா, பிரவுனும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அந்த உப்புத்தாளை அவர் கன்னத்துல போட்டிருக்கணும்.

ஜூன் 12, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் அஃப்ரோஸிடம் புலம்பினேன். கம்பெனியில் தோலை உராய்ந்து வழவழப்பாக்கும் மெஷின் அவளுடையது.

"ஈரத் தோலை மெஷின்ல வுடுவியா நீ?"

"வுடமாட்டேன்."

"அப்புறம் ஈர பெயிண்டை மட்டும் ஏன் போட்டுத் தேய்க்கிற, பேஜார் புடிச்சவளே! காயட்டும்."

இத்தனை வருஷம் தோலோடு குப்பை கொட்டியும் எனக்கு உறைக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

தொடவில்லை. கை அரிக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். கல்லாகக் காய்ந்துவிட்டது. கொப்புளங்களைத் தகட்டால் சுரண்டி, மர ரேகை போகும் போக்கிலேயே தேய்த்தேன். பொடிப்பொடியா கொட்டுது! கண்ணை மூடித் தடவினேன், கை எங்கேயும் தடுக்கவில்லை. துடைத்து பிரைமர் கொடுத்தேன்.

நின்ற கதவில்தானே வடியும்? கீலிலிருந்து கழற்றி ரெண்டு ஸ்டூல் மேல் படுக்கவைத்தாயிற்று. கேட்காமலே வந்து தூக்கிக் கொடுத்தார் ஜான்சன்.

ஜூன் 18, புதன்

மெலிசா ஒரு கோட். பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்து வழித்துத்தான். நாளைக்குத் தொடமாட்டேன். சத்தியமாக.

ஜூன் 21, சனி

நேற்று ரெண்டாவது கோட்டும் முடிந்தது. இன்று மத்தியானம் கதவை மாட்டினோம். பின்னாலேயே மாமா, பெயிண்டர், பிரவுன் டப்பா.

பெயிண்டர் குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார். "மேஸ்திரி, இது மேல பிரவுன் அடிச்சா எனக்குப் பாவம் புடிச்சுக்கும்."

மாமா விடுவாரா? ஓரம், இடுக்கு, அடிப்பக்கம் எல்லாம் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "பரவால்ல" என்றார்.

"பரவால்லயா? பிரமாதம்னு சொல்லுண்ணா!"

சொன்னது ஜான்சன்! என் புருஷன்தான்! சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

பிரதிஷ்டை நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் கதவு முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்தார்கள். ஸ்தோத்திரம்.

ஜூலை 5, சனி

மாமா போன் பண்ணினார். அவர் வீட்டு ஜன்னல்களுக்கு நான்தான் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம்.

"கலர் மாமா?" என்றேன்.

"நீயே சொல்லும்மா."