‘ரைட்’ சொல்லுமுன் என் கணவர் எழுந்துவிட்டது பற்றி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரின் மனைவி,
வீட்டில் தையல் வேலை செய்பவர்,
மருந்துக்கடைக்கு மேல், முதல் மாடி.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
பராமரிப்புப் பணியாளர் பயிற்சி நிதிப் பிரிவு.

பொருள்: எங்கள் வீட்டுக்கு வரும் பயிற்சிப் பணியாளர் தேர்வில் தேறவில்லை என எழுதப்பட்டதை மறுபரிசீலனை செய்து, நிதி முடியுமுன் மறுதேர்வு நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குத் தையல் தெரியும். மனு எழுதிப் பழக்கமில்லை. நான்கைந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மாதம் முடிய ஒன்பது நாளே இருப்பதால் இனிக் கிழிக்க நேரமில்லை. நடையில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து இரண்டாண்டாக இடப்பக்கம் செயலற்றிருக்கிறது. வலது கையும் வாயும் நன்றாக இருக்கின்றன. வாய் தேவைக்கு மேலேயே நன்றாக இருக்கிறது. எனக்கு இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டதால் அவரைத் தூக்கவோ தாங்கவோ முடியாது. ஒருமுறை முயன்று, இருவரும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து, கீழே மருந்துக்கடைக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்து எடுத்துவிட்டார். அந்த வெட்கத்தை விவரிக்க இது இடமல்ல.

2. தங்கள் பிரிவு தரும் பயிற்சி நிதியைக் கொண்டு ஒரு பராமரிப்பு நிறுவனம் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறது. காலையும் மாலையும் வந்து, அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி, குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டுப் போவார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொள்ள ஓர் உடம்பு வேண்டும், எங்களுக்கு இரண்டு கை வேண்டும். ஏற்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது வருபவர் நான்காவது ஆள். முதலாமவர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டே குளிப்பாட்டினார். இரண்டாமவர் நல்ல பையன், துணிக்கடையில் நிரந்தர வேலை கிடைத்ததும் போய்விட்டான். மூன்றாமவர் ஏன் நின்றார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் போகும்போது என் கணவர் மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கப்படுகிறார்.

3. இப்போது வரும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பள்ளிக்குப் போகும் மகள் ஒருத்தி இருக்கிறாள். வந்த புதிதில் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணித் தூக்கப் பார்த்தார். என் கணவர் இரண்டிலேயே கிளம்பிவிடுவார், அல்லது மூன்று முடிந்தும் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “டிரைவர் சார், கண்டக்டர் ரைட் சொல்லாம வண்டிய எடுப்பீங்களா?” என்று கேட்டார். அன்றிலிருந்து ஒழுங்கு வந்துவிட்டது. என் கணவரின் இடுப்பில், பிடித்துத் தூக்குவதற்கான பட்டையைக் கட்டி, தன் காலை அவர் கால்களுக்கு நடுவில் ஊன்றி, “ரைட்” என்பார். இவர் வலது கையைக் கட்டிலில் அழுத்தி எழுவார். பாதி பலம் அவருடையது, பாதி பலம் இந்தப் பெண்ணுடையது. இரண்டாண்டாகச் சும்மா கிடந்த மனிதர் தன் கையால் எழுந்ததை அன்று பார்த்து, தையல் மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். இப்போது அவருக்கு அந்தப் பெண் கண்டக்டரம்மா. வராத நாளில் நான் “ரைட்” சொன்னால், “நீ டிரைவர் பொண்டாட்டி, கண்டக்டர் இல்ல” என்று அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

4. சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை தேர்வாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டுவதுதான் கடைசித் தேர்வு. என் கணவர் காலையிலேயே சவரம் செய்து, பழைய காக்கிச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தான் கனமாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் குறைந்துவிடும் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே வாயை அடைத்திருப்பேன். கண்டக்டரம்மா பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வருமுன், “ரைட்” வருமுன், இவர் கட்டில் கம்பியைப் பிடித்துத் தானே எம்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து போய் விழுந்தார். அந்தப் பெண் பட்டையை எறிந்துவிட்டு அவருடைய முதுகைத் தாங்கியதால்தான் தரையில் விழவில்லை. எனக்கு உயிரே போய் வந்தது. தேர்வாளர் அந்நேரம் குனிந்து தன் கருவியில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது என் கணவர் நாற்காலியில் இருந்தார். “பாஸா சார்?” என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டார்.

5. தேர்வாளர் எழுதியது இதுதான்: ‘பராமரிக்கப்படுபவர் பிறர் உதவியின்றி இடம் மாறுகிறார். பயிற்சி பெறுபவர் திறன் எதையும் காட்டவில்லை.’ இன்னொரு முறை செய்துகாட்டவா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “ஒருத்தருக்கு ஒரு தேர்வுக்குத்தாம்மா நிதி. அடுத்ததுக்கு உங்க நிறுவனம்தான் கட்டணும்” என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அன்று இன்னும் மூன்று வீடு போக வேண்டியிருந்தது.

6. நிறுவனத்துக்குப் போன் செய்தேன். “கவலைப்படாதீங்கம்மா, அடுத்த மாசம் புது ஆள் அனுப்பிடறோம்” என்று மிகவும் அன்பாகச் சொன்னார்கள். ஐயா, அந்த அன்புதான் என்னைக் கணக்குப் போட வைக்கிறது. புது ஆள் வந்தால் அவர் பேரில் நிறுவனத்துக்குப் புது நிதி வருகிறது. இந்தப் பெண் தேறினால் நிறுவனம் தன் கையிலிருந்து முழுச் சம்பளம் தர வேண்டும். அப்படியானால் யாரையும் முழுதாகக் கற்கவிட அவர்களுக்கு என்ன அவசரம்? தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் தாங்கள் விளக்க வேண்டுகிறேன். மாதக் கடைசியோடு நிதி நின்றால் இந்தப் பெண் பழைய பொட்டலம் கட்டும் வேலைக்கே திரும்ப வேண்டியதுதான். இவருக்கு உதவியே தேவையில்லை என்று எழுதியிருப்பதால், அந்தப் புது ஆளாவது வருவாரா என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

7. எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை ஒன்றுண்டு. அந்தப் பெண் இன்னும் வருகிறார், இன்னும் “ரைட்” சொல்கிறார். என் கணவர்தான் எழுவதில்லை. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் கைய வெச்சா அவளுக்கு வெனை” என்கிறார். டம்ளரைக்கூட நான் பிடித்தால்தான் குடிக்கிறார். யாராவது பார்த்து எழுதிவிடுவார்களாம். இருக்கிற ஒரு கையும் இப்படியே மரத்துப்போய்விடுமோ என்று கத்தரி ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன். தைக்க வாங்கிய துணியெல்லாம் வெட்டாமல் கிடக்கிறது.

ஆகையால், இந்த மாதம் முடியுமுன் தங்கள் நிதியிலேயே இந்தப் பெண்ணுக்கு மறுதேர்வு நடத்த உத்தரவிட வேண்டுகிறேன். உதவியின்றி இடம் மாறுகிறார் என்ற வரியை நீக்க வேண்டும். கற்கத் தொடங்கியவர் தேறும்வரை அவரை மாற்றி வேறு ஆள் அனுப்பக்கூடாது என நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கும் கையைப் பயன்படுத்துவது குற்றமல்ல என்று, முத்திரையோடு என் கணவர் பெயருக்கு ஒரு வரி தனியாக அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும். நான் சொன்னால் நம்புவதில்லை. அரசாங்க முத்திரைக்கு அவர் என்றைக்கும் கட்டுப்பட்டவர். மறுதேர்வு நாளில் அவர் முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

தங்கள் பதிலுக்காக மாடிப்படிச் சத்தத்தைக் கேட்டபடி காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓட்டுநரின் மனைவி

இடம்: மருந்துக்கடை மாடி
நாள்: திங்கட்கிழமை, மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில்

பின்குறிப்பு: இதைப் படித்துக் காட்டியதும் என் கணவர் பேனாவைக் கேட்டார். ஆறு நாளுக்குப் பின் இப்போதுதான் அந்தக் கையை நீட்டினார். கீழே உள்ளது அவரே எழுதியது. நான் திருத்தவில்லை.

‘ரைட் குடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய எடுத்தது டிரைவர். கண்டக்டர் மேல தப்பு இல்ல சார்.’