இரண்டு புது வெள்ளைக் கோட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன், நம் சலவைக் கடை எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமா, சாப்பாடாவது நேரத்துக்கு ஆகிறதா என்று தெரிந்தால் மனசு ஆறும்.

பண்டிகை வாரம் என்றால் நம் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது, உனக்குத் தெரியாததா. மேஜை மேலே, கீழே, உன் பழைய கட்டில் மேலே எல்லாம் துணிதான். நேற்று அம்மா தன் கண்ணாடியை யாரோ ஒருவரின் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள். இதை எழுத மாட்டேன் என்றாள், விடவில்லை நான். உனக்கும் அங்கே பரிசுக் கடையில் பொட்டலம் கட்டிக் கட்டி விரல் வெடித்துவிட்டதாமே, அதற்கு நடுவில் கல்லூரியில் சேரக் கேட்கிற கட்டுரை வேறு, வெள்ளிக்கிழமை கடைசி நாள். 'இந்த வருஷம் விட்டுடறேன்ப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். போன வருஷப் பண்டிகைக்கும் இதையேதான் சொன்னாய், அன்றைக்கு உனக்குச் சளி, மூன்று தடவை தும்மினாய்.

நீ போனில் படித்துக் காட்டிய வரைக்கும் எனக்கு மனப்பாடம். 'என் அப்பா ஐந்நூறு துணிகளை ஞாபகத்திலேயே வைத்திருப்பார், ஒன்றுகூட மாறியதில்லை' என்று ஆரம்பம். அம்மாகூட 'இப்படிப் புகழாதடி, அப்புறம் இந்த மனுஷனோட வீட்ல இருக்க முடியாது' என்றாள். ஆனால் கண்ணு, அது பொய். ஒரு தடவை மாறியது. உனக்குப் பத்து வயசு, இதே பண்டிகை வாரம், நல்ல மழை. பல் டாக்டரும் கறிக்கடைக்காரரும் ஒரே மாதிரிப் புது வெள்ளைக் கோட்டு கொடுத்திருந்தார்கள். கறை, கிழிசல், மாற்றித் தைத்த பொத்தான் இருந்தால்தானே எனக்கு அடையாளம்? புதுசில் என்ன இருக்கும்? கறிக்கடைக்காரர் கோட்டை டாக்டருக்குக் கொடுத்துவிட்டேன். மீதி இருந்ததன் கழுத்துப் பட்டையில் தைத்திருந்த பெயரை நீதான் படித்தாய். 'அப்பா, இதுதான் டாக்டரோடது!' என்று செருப்புகூடப் போடாமல் ஓடினாய். நீ போய்ச் சேர்வதற்குள் அவர் அந்தக் கோட்டோடு ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கழுத்துப் பட்டைகளைப் படித்துச் சொல்வது உன் வேலையானது.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை மட்டும் கட்டுரையில் ஒளித்துவிட்டாய், எனக்குக் கூச்சமாக இருக்குமென்று. எனக்கென்ன கூச்சம்? ஊரில் பாதிப் பேருடைய உள்சட்டைக் கிழிசல் எனக்குத் தெரியும், கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான். நீ ஓடினதை எழுது. நடந்ததுதானே, யோசிக்கவே வேண்டாம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். வியாழக்கிழமை பஸ் ஏறாதே, விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். 'பண்டிகையையே தள்ளி வைக்க இவ என்ன மந்திரியா' என்று உன் அத்தை குதித்தாள், அப்புறம் அவளே முதல் ஆளாக டிக்கெட்டை மாற்றினாள்.

தபாலில் போட்டால் வெள்ளி தாண்டிவிடும், அண்ணன் இதைப் படம் பிடித்து அனுப்புவான். விரலுக்கு எண்ணெய் தடவு. தொட்டதெல்லாம் துலங்கி நீ நன்றாயிருக்க வேண்டும். மறக்காதே, கட்டுரையை அனுப்பியதும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். முதல் வரி 'என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது' என்றே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்னது அப்பா, எழுதியது அம்மா