நீ திறக்காத பெட்டிகள்

என் ரமேஷ் அண்ணாவுக்கு,

மன்னித்துவிடு, கடிதம் எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. குவைத்திலிருந்து நீ அனுப்பும் நீளமான குரல் செய்திகளுக்கெல்லாம் "சரிண்ணா" என்று மட்டும் பதில் போட்டவள் நான். இப்போது பக்கம் பக்கமாக, அதுவும் இணையத்தில் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. ஆனால் எனக்கு வாய்விட்டுப் பேச இன்னும் வரவில்லை.

முதலில் ஒரு செய்தி. நம் கேமைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நீ வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில், கடைசிக் கம்ப்யூட்டரில், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து விளையாடினோமே, அதேதான். ஊர் எரிந்துபோன ஒரு பையன், கூட மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, வழியில் பூதங்களோடு சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வலுவேறி, கடலைத் தாண்டிப் போகிற கதை. பையனுக்கு உன் பெயர் வைத்தாய். மருந்து கொடுக்கிற பெண்ணுக்கு என் பெயர்.

நான் இப்போதும் திருப்பதியில்தான் இருக்கிறேன். டிகிரி முடித்து மெடிக்கல் கோடிங்கில் சேர்ந்தேன். அமெரிக்காவில் யாருக்கோ வந்த நோயை இங்கே உட்கார்ந்து எண்ணாக மாற்றும் வேலை. வாரத்தில் ஆறு நாள் திரையைப் பார்த்துக் கண் காந்துகிறது. ஏழாவது நாளும் திரையைப் பார்க்க உடம்பு கேட்கவில்லை. இருந்தும் வாங்கினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள், ஆட்டத்தில் நம்மால் தாண்டவே முடியாத அந்தக் கோபுரத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு ஊர் குப்பம். பெங்களூருக்குத் தினம் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறானாம். அத்தைதான் பார்த்துச் சொன்னாள். எல்லாம் பேசி முடிந்த பிறகு பையனின் அம்மா அத்தையிடம் ஒன்று கேட்டிருக்கிறார்: "குவைத்துலருந்து திருப்பி அனுப்புனாங்களே ஒரு பையன், அவன் தங்கச்சியா இது?"

அத்தை எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "கேட்டா, ஒடம்பு சரியில்லாம வந்துட்டாருன்னு சொல்லுடி. செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போறானா?" நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மா உள்ளே போய்விட்டாள். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். 

அது இருக்கட்டும். கேம் எப்படி இருக்கிறது என்றுதானே நீ முதலில் கேட்பாய்?

பார்க்க நன்றாக இருக்கிறது. அப்போது மனிதர்கள் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனவர்கள். கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய் கிடையாது. இப்போது சட்டையின் நூல்வரை தெரிகிறது. உன் பெயர் வைத்த பையனுக்கு மூக்கும் வாயும் வந்துவிட்டன. வந்ததும் அவன் வேறு யாரோ ஆகிவிட்டான். முகம் இல்லாதபோது அவனை நீ என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

எல்லாருக்கும் குரல் கொடுத்திருக்கிறார்கள். அப்போது எழுத்து மட்டும் ஓடும். பத்தாவது பெயிலான நீ, தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்சத்தை உன் இஷ்டத்துக்குச் சொல்வாய். அரசனின் தளபதி உன் வாயில், "யோவ், இந்த வழியா போனா செத்துடுவ, பாத்துப் போ" என்பான். இப்போது எனக்கு இங்கிலீஷ் புரிகிறது. தளபதி உண்மையில் பேசுவது ரொம்ப நீளம். கேட்டுக்கொண்டிருந்தால் கொட்டாவி வருகிறது.

சண்டைகளை மூன்று மடங்கு வேகத்தில் ஓட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. போக வேண்டிய இடத்தை வரைபடத்திலேயே ஒரு மஞ்சள் அம்பு காட்டிவிடுகிறது. அதுவே அவ்வப்போது சேவ் செய்துகொள்கிறது. கரன்ட் போய்விடுமோ என்று ஆளுக்கு ஒரு கண்ணால் ஃபேனைப் பார்த்துக்கொண்டு விளையாட வேண்டியதில்லை. களைத்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் நல்லதுதான். பழையதே மேல் என்று நான் சொல்லமாட்டேன். பழையதில் பாதி நேரம் வழி தெரியாமல் ஒரே காட்டைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

ஆனால் கோபுரம் அதே கோபுரம்தான். வாசலில் நிற்கும் அந்தக் கல் பூதமும் அதேதான். நாம் அதனிடம் எத்தனை ஞாயிறு தோற்றோம்? அப்போது நான் தங்கிப் படித்த ஹாஸ்டலில் என்னை வெளியே விடுகிற மூன்று மணி நேரமும் அதனிடம் அடி வாங்கியே போகும். பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த நெல்லூர் இன்ஜினியரிங் மாணவர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இவ்வளவு தூரம் வந்தும் பையன் கையில் கட்டையும் மேலே கிழிந்த சட்டையும்தானா என்று அவருக்கு ஆச்சரியம்.

"ஏம் அண்ணா, இள்ளல்லோக்கி வெள்ளலேதா?" என்றார். வீடுகளுக்குள் போகவே இல்லையா என்று.

"அடுத்தவன் ஊட்டுக்குள்ள நமக்கு இன்னா வேல?" என்றாய் நீ.

ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி இருக்கும், திறந்தால் வாள், கவசம், மருந்துக் குப்பி எல்லாம் கிடைக்கும், அதை எடுத்துக்கொண்டு போவதுதான் ஆட்டமே என்று அவர் விளக்கினார். "கேமு அண்ணா இது, எவரூ அடகரு. யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க ஆளு இல்லன்னா எட்த்துக்கலாமா? ஊடுன்னா ஊடுதான்பா. நாங்க இப்பிடியே போய்க்கினு இருக்கோம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அந்த ஊர்களில் எல்லாம் நாம் தெருவில் மட்டும் நடந்தோம். கடைக்குப் போனோம், கிணற்றடியில் நிற்பவர்களோடு பேசினோம். ஒரு கதவுக்குள்ளும் நுழையவில்லை. உலகத்தில் வேறு யாரும் அந்த ஆட்டத்தை அப்படி விளையாடியிருக்க மாட்டார்கள்.

உனக்கு ஏன் கை வரவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நம் ஊர் குடுபல்லியில் அம்மா வாசல் பெருக்கப் போன வீட்டில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணாமல் போனது. அம்மாவை முற்றத்தில் நிற்கவைத்து முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார்கள். அம்மா உதறினாள். நீயும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். சிமிழ் மறுநாள் அவர்கள் பூஜை மாடத்துக்குப் பின்னாலேயே கிடைத்தது. அன்றைக்கு நைனா நம்மை உட்காரவைத்துச் சொன்னார்: "எந்த ஊட்டுக்குப் போனாலும் கையப் பின்னால கட்டிக்கினு நில்லுங்க. ஒண்ணு காணாமப் போச்சின்னா மொதல்ல நம்மளத்தான் பாப்பாங்க."

நான் இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன், அண்ணா. ஆபீஸில் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டால் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. "என்ன சுகுணா, மிலிட்டரியா?" என்று அவர் ஒருமுறை கேட்டார். சிரித்து வைத்தேன்.

புதிய ஆட்டத்திலும் முதலில் உன் முறைப்படிதான் போனேன். திரையின் மூலையில் ஒரு கணக்குக் காட்டுகிறார்கள்: ஊருக்கு எத்தனை பெட்டி, அதில் எத்தனை திறந்தாய் என்று. எனக்கு எல்லா ஊரிலும் பூஜ்யம். அப்படியே கோபுரத்துக்குப் போய் அந்தக் கல் பூதத்திடம் தோற்றேன். மூன்று மடங்கு வேகத்தில் தோற்றேன், அதுதான் வித்தியாசம்.

போன சனிக்கிழமை திரும்பி வந்து முதல் ஊரின் முதல் வீட்டுக்குள் போனேன். பழைய ஆட்டத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு பழுப்புக் கட்டம்தான் பெட்டியாக இருந்திருக்கும். இப்போது அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. கொடியில் குழந்தைச் சட்டை காய்கிறது. ஒரு பொம்பளை முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் காலடியில் பெட்டி. திறந்தேன். மடித்த துணிக்கு அடியில் ஒரு தோல் கவசம். அவள் புருஷனுடையதாக இருக்கலாம். எடுத்துக்கொண்டேன். அவளிடம் போய்ப் பேசினேன். "ஆற்றில் தண்ணீர் அதிகம், பார்த்துப் போ" என்றாள். மறுபடி பேசினேன். மறுபடியும் அதையே சொன்னாள்.

இவ்வளவு செலவு செய்து புதுப்பித்தவர்களுக்கு இது தோன்றவில்லை. துணியின் மடிப்பைக்கூட வரைந்தார்கள். பெட்டி காலியானதைப் பார்த்து அவள் முகம் ஒரு தடவை மாறட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. இந்த ஆட்டம் இன்றைக்கும் எடுபடுமா என்று யாராவது என்னைக் கேட்டால், மற்ற எல்லாம் எடுபடும், அந்த வீடுகள் மட்டும் எடுபடாது என்பேன். அவை தெளிவாகத் தெரியத் தெரிய அசிங்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லா வீடுகளுக்குள்ளும் போனேன். கல் பூதம் இரண்டாவது முயற்சியிலேயே விழுந்துவிட்டது. கோபுரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே. சொல்கிறேன். இன்னொரு ஊர். இன்னொரு தெரு. வரிசையாக வீடுகள். அவ்வளவுதான். லேப்டாப்பை மூடிவிட்டேன். இன்னும் திறக்கவில்லை.

ஆட்டத்தில்கூட ஒரு பெட்டியைத் தொடாதவன் நீ. உன்னைத்தான் குவைத்தில், நீ கார் ஓட்டிய வீட்டில், வளையல் காணோம் என்று நாலாவது மாதமே விமானம் ஏற்றினார்கள். கேஸ் இல்லை, விசாரணை இல்லை. வளையல் கிடைத்ததா, அதுவும் தெரியாது. அதற்கப்புறம் பலமநேர் சாலையில் லாரி மோதிச் செத்துப்போகும்வரை ஒன்றரை வருஷம், நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காததை மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் அத்தை சொன்னதைச் சொல்லப்போவதில்லை. அந்த அம்மா கேட்டால், "ஆமா, எங்கண்ணனைத் திருடுனான்னு சந்தேகப்பட்டுத்தான் அனுப்புனாங்க. அவன் எடுக்கல" என்று சொல்வேன். அவர்கள் எழுந்து போனால் போகட்டும். கேட்காவிட்டால் நானே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. வாய் குழறினாலும் சொல்லிவிடுவேன்.

இவ்வளவு எழுதியும் எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

நீ குவைத்திலிருந்து வந்து இறங்கிய காலையில், நீ குளிக்கப் போன நேரத்தில், உன் பையை நான் திறந்து பார்த்தேன். அடிவரை கைவிட்டுத் தேடினேன். பால்பவுடர் டப்பா, நைனாவுக்கு ஒரு சென்ட், எனக்கு ஒரு கைக்கடிகாரம், உன் துவைக்காத துணிகள். வேறு ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாய். பையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "சோறு போடு சுகுணா, பசிக்குது" என்றாய். அதற்கப்புறம் நீ எதையும் பூட்டவே இல்லை. பையை, பீரோவை, செல்போனை, எதையுமே. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல எல்லாம் திறந்தே கிடந்தது. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை "அவன் எடுக்கல" என்று நான் சொல்லும்போது, பையைப் பார்த்துவிட்டதால் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே, அண்ணா. பார்க்காமலே அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது பார்க்காதவளாகத்தான் சொல்லப்போகிறேன். அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

உன் கூடப் பிறந்தவள்,
சுகுணா