நீதிபதி தோராவின் தம்பிக்கு

பியர், தெற்கு டகோட்டா
மார்ச் 9

அன்புள்ள ஹால்வருக்கு,

உன் அத்தான் ஓரின் எழுதுவது. நானும் தோராவும் நலம். நீயும் உன் வீட்டாரும் மாடு கன்றுகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் பாதியாவது படிப்பாய் என்று எழுதுகிறேன்.

இங்கே ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இத்தனை வருஷம் மாட்டு வைத்தியம் பார்த்தவனை எந்த மாடும் உதைக்காமல் விடவில்லை அல்லவா?

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் தோராவின் படத்தைத் திறக்கிறார்கள். இனி வழக்குகளைக் குறைத்துக்கொண்டு பாதி ஓய்வு எடுக்கப் போகிறாள். படம் வரைந்தவரிடம், "உசுரோட இருக்கும்போதே சுவத்துல மாட்டுறீங்களே, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் எந்த உடை போடுவது என்று மூன்று முறை கேட்டுவிட்டாள்.

அவள் சட்டம் படிக்கக் கிளம்பிய நாள் உனக்கு மறந்திருக்காது. "யாருகிட்டம்மா வாதாடப் போற, மாடுங்ககிட்டயா?" என்றார் உங்கள் அப்பா. நீதான் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விடுதி வாசலில் இறக்கிவிட்டாய். பிறகு அரசு வக்கீலானாள், மாநில நீதிபதியானாள். ஃபெடரல் நீதிபதியாக செனட் அவளை ஏற்றுக்கொண்ட அன்று தீவனக் கடையில் நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "இனிமே எங்கக்காவ ஜனாதிபதியே நெனச்சாலும் வேலைய விட்டுத் தூக்க முடியாதுடா!"

அந்த நாற்காலியில் அவள் எப்படி இருந்தாள் என்பது வீட்டில் இருந்த எனக்குத்தான் தெரியும். தண்டனை சொல்ல வேண்டிய நாட்களில் அவளுக்குக் காலையில் காப்பி மட்டும்தான் இறங்கும். குற்றவாளியின் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவாள். தண்டனையைக் குறைத்ததற்கும் திட்டு வாங்கியிருக்கிறாள், கூட்டியதற்கும் வாங்கியிருக்கிறாள்.

இப்போது நீ கோபப்படுகிற அந்த வழக்கு. ரெட் வில்லோவில் இருக்கும் லகோட்டா பழங்குடி ஜனங்கள் ஓட்டுப் போட உங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும், தங்கள் கிராமத்திலேயே ஒரு வாக்குச்சாவடி வேண்டும் என்று உங்கள் கவுண்டி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். "நான் இந்தக் கவுண்டியில பொறந்தவ. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க, விலகிக்கறேன்" என்று முதல் நாளே தோரா கேட்டாள். ஆட்சேபணையே இல்லை என்று சந்தோஷமாகத் தலையாட்டியவர்கள் உங்கள் கவுண்டிக்காரர்கள்தான்.

அடுத்து நடந்ததை உங்கள் கவுண்டியின் வக்கீல் லைல் பெங்ஸ்டன் போன வாரம்தான் எனக்குச் சொன்னார். "ரெண்டு மணி நேரப் பயணம், யார் வேணாலும் வந்துடலாம்" என்று அவர் வாதாடினாராம். "அப்ப நாளைக்குக் காலையில நாம எல்லாரும் போய்ப் பார்ப்போம். தேர்தல் நடக்கிற நவம்பர் மாசம்தானே இது?" என்றாளாம் இவள். மறுநாள் பனிப்புயல். இரண்டு தரப்பு வக்கீல்களையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊரிலிருந்து கிளம்பியிருக்கிறாள். பாதி வழியில் வேன் பனியில் புதைந்தது. ஆளுக்கொரு மண்வெட்டி. லைல் மட்டும் மெருகு போட்ட தோல் ஷூவோடு வந்திருக்கிறார்.

"திரும்பிடலாம், யுவர் ஆனர்" என்று கெஞ்சியிருக்கிறார்.

"ஓட்டுப் போட வர்றவங்க இந்த இடத்துல திரும்பிட்டா அவங்க ஓட்டு என்ன ஆகும், மிஸ்டர் பெங்ஸ்டன்?" என்று கேட்டுவிட்டு, தன் மண்வெட்டியை எடுத்தாளாம்.

ரெட் வில்லோ போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. லைல் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். அந்த மனிதர்தான் இப்போது எனக்கு போன் செய்து, படம் திறக்கிற அன்று தானும் நாலு வார்த்தை பேசலாமா என்று கேட்கிறார்!

தீர்ப்பு வந்த பிறகு மிரட்டல்கள் வந்தன. மாதக்கணக்கில் எங்கள் வாசலில் நீதிமன்றக் காவலர்களான மார்ஷல்களின் வண்டி நின்றது. அதற்கெல்லாம் அவள் அசையவில்லை. காவலுக்கு வந்த பையன்களுக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ போனில் "சொந்த ஊரையே கூண்டுல ஏத்திட்டியே!" என்றாயே, அன்றைக்குத்தான் தோட்டத்தில் போய் வெகுநேரம் நின்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். வழக்கு நடக்கும்போது அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள், அது உனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தீர்ப்பில் கையெழுத்துப் போடக் கிளம்பிய காலையில், கோட்டை மாட்டிக்கொண்டே, "இனிமே ஹால்வர் என்கூடப் பேசமாட்டான்" என்றாள். அவ்வளவுதான். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளை நினைத்து நான் பெருமைப்பட்ட நாட்கள் நிறைய உண்டு. அந்தக் காலைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

குடும்பத்திலிருந்து யார் வருகிறார்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டதற்கு, என் பெயரை மட்டும் சொன்னாளாம்.

கன்று ஈனும் காலம், வர முடியாது என்று என்னிடமே சாக்குச் சொல்லாதே. என்னோடு வேலை பார்த்த வெர்ன் வந்து உன் பண்ணையில் தங்கிக்கொள்கிறேன் என்கிறார். அந்தத் தீர்ப்பு சரி என்று நீ சொல்ல வேண்டாம். அவளும் கேட்கமாட்டாள். மழையைப் பற்றிப் பேசு, மாட்டு விலையைப் பற்றிப் பேசு, எதையாவது பேசு.

உன் கன்றுகள் எல்லாம் நல்லபடியாகப் பிறக்கட்டும். முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் என் தொப்பியை வைத்திருப்பேன். நீ வந்துதான் அதை எடுக்க வேண்டும்.

என்றும் உன் அன்புள்ள,
ஓரின்