பிரியா பேசுகிறேன்

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மழைத் தண்ணீர். சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன். ரம்மி செயலியில் ஆடுவதை நிறுத்தியவர்களை ஃபோனில் கூப்பிட்டுத் திரும்ப வரவைப்பது என் வேலை. அங்கே நான் ஷாகிதா இல்லை, பிரியா. எல்லாருக்குமே ஒரு ஃபோன் பெயர் உண்டு. அத்தாவிடம் கஸ்டமர் கேர் என்று சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை.

22 ஆகஸ்ட்

டெல்லியில் சட்டம் வந்துவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது. ரம்மி திறமை விளையாட்டு, கோர்ட்டே சொல்லியிருக்கிறது என்று தினமும் ஒப்பித்தேனே — திறமையோ அதிர்ஷ்டமோ, இனி எல்லாம் ஒன்றுதானாம். மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

ஒரு முட்டாள்தனம் செய்தேன். திருமுல்லைவாயில் ஜெகதீசன் சார், நான் கூப்பிட்டுத் திரும்ப வந்தவர், தினமும் ஆடுபவர். செயலிக்குள் கிடக்கும் பணத்தை எடுக்கத் தெரியாமல் தவிப்பாரே என்று, என் சொந்த நம்பரிலிருந்து கூப்பிட்டு வழி சொன்னேன்.

24 ஆகஸ்ட்

அத்தா பேப்பர் படித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், எத்தினி குடும்பம் பொழைச்சுது" என்றார். தலையாட்டினேன்.

9 செப்டம்பர்

இண்டர்வியூவில் பழைய வேலை என்ன என்று கேட்கிறார்கள். சொன்னதும் முகம் மாறுகிறது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. மரத்துப்போய்விட்டேன்.

16 செப்டம்பர்

ஜெகதீசன் சார் கூப்பிட்டார். "பிரியாம்மா, கை பரபரன்னு கீது. வேற எங்கனா ஆட முடியுமா?" தெரியாது சார் என்றேன்.

கூட வேலை பார்த்த ஆசிமிடம் சொன்னேன். சிரித்தான். "இன்னா ஷாகிதா, ஆளு தானா வந்துகினு கீறான், உட்டுட்டியே? வெளிநாட்டு ஆப் ஒண்ணு கீது. துட்டு கட்டிட்டு வாட்ஸ்அப்ல கேப்பாங்கோ, நீ அவங்க கணக்குல ஆடுற காயின் ஏத்தணும். அவ்ளோதான்."

அன்றைக்கு இல்லாத தப்பு இன்றைக்கு எப்படித் தப்பு? ஆனால் இப்போது தப்புதானே?

6 அக்டோபர்

சேர்ந்துவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை. மறுபடி பிரியா. முதல் ஆள் ஜெகதீசன் சார்தான்.

18 நவம்பர்

காலையில் அவர் நம்பரிலிருந்து அவர் மனைவி வேம்புலியம்மாள் பேசினார். "அவரு வேலைக்கே போறதில்லம்மா. எந்நேரமும் ஃபோனுதான். போன வருசம் அவரே கேட்டு நீதான் கணக்க மூடினியாமே? அப்போ கொஞ்ச நாளு மனுசனா ஊட்ல இருந்தாரு. திரும்ப மூடிடும்மா."

உண்மைதான். பழைய செயலியில் அப்படி ஒரு வசதி இருந்தது. மூடினால் சொன்ன கெடு முடியும்வரை அவரே கெஞ்சினாலும் திறக்காது. இங்கே தேடிப் பார்த்தேன், இல்லை. ஆசிமிடம் கேட்டேன்.

"அது கெவர்மெண்டுக்கு பயந்து வெச்சாங்கோ. இப்போ யாருக்கு பயந்து வெக்கணும்?"

வேம்புலியம்மாளுக்குத் திரும்ப ஃபோன் செய்து, "மூடிட்டேங்க்கா" என்றேன். "நீ நல்லா இருப்பம்மா" என்று அழுதார். எனக்கு எதுவும் வரவில்லை.

மதியம் சார் காயின் கேட்டார். ஏற்றினேன்.