திருப்பிக் கேள்வி கேட்ட ஹோட்டல்

வசு,

காலை ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். நீ அசந்து தூங்குன, எழுப்ப மனசு வரல. புளிச்சோறு கிண்டி மூடி வச்சிருக்கேன். காலி கேஸ் தோங்கை மாத்திக் கொடுக்குற சீனப் பெரியவர் ஆப்பேக் இன்னைக்கு வருவாரு, கேட் சாவி டிவி பக்கத்துல. அடுப்படி சன்னலைச் சாத்திட்டேன், முணுமுணுக்காதே.

“இந்த இறால் அலர்ஜியை வச்சுக்கிட்டு நான் தைப்பேக்கு வரல. நம்ம மக யாழினி பட்டம் வாங்குறதை நீங்க மட்டும் போய்ப் பார்த்துட்டு வாங்க”ன்னு நேத்து சொன்னியே, எனக்குக் கோபம்தான். உன்மேல இல்ல.

போன வாரமே தைப்பேயில அஞ்சாறு ஹோட்டலுக்கு உன் அலர்ஜியைச் சொல்லி மெயில் போட்டேன். எல்லாரும் “நோ ப்ராப்ளம்”னாங்க. ஒருத்தர், இறாலைப் பொறுக்கி எடுத்துட்டுத் தர்றோம்னாரு. மெர்சிங்ல நடந்த கல்யாணத்துல உங்க அண்ணியும் அப்படித்தான் பொறுக்கி எடுத்துட்டுக் கொடுத்தாங்க, உன் உதடு வீங்கிப்போச்சு. ஒரு சின்ன ஹோட்டல் மட்டும் நம்மளத் திருப்பிக் கேட்டுச்சு: “அவங்களுக்குச் சாப்பிட்டாத்தான் ஆகாதா, பொரிக்கிற வாடை பட்டாலும் ஆகாதா?”

அங்கேயே ரூம் போட்டுட்டேன், ரெண்டு பேருக்கு. நீச்சல் குளமெல்லாம் இல்லலா, திட்டாதே. உன் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வை.

லக்ஷ்மன்

பி.கு. வாடையும் ஆகாதுன்னு நானே பதில் எழுதிட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்ப. பக்கத்து வீட்டுல இறால் பொரிக்கிறப்பல்லாம் நான் எந்திரிச்சுப் போய்ச் சன்னலைச் சாத்துறேன், நீ புழுங்குதுன்னு சண்டைக்கு வர்ற. இத்தனை நாளும் கொசுவுக்குன்னா நினைச்ச?